காலில் மாட்டும் கருவி வாங்கலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 26 வயது. கருங்கல் பக்கம் எங்கள் ஊர். முதல் பிள்ளை, பையன். 34 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறந்தபோது எடை 1 கிலோ 850 கிராம். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் 11 நாள் என்ஐசியூவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். நெஞ்சில் மெல்லிய பட்டை ஒன்றும் காலில் ஒன்றும் ஒட்டியிருந்தார்கள். வயரே கிடையாது, தள்ளியிருக்கும் திரையில் எண்கள் ஓடும். பிறந்த உடனே திரையில் 68 என்று பார்த்தேன். அது ஆக்சிஜன் அளவு என்று பிறகுதான் தெரிந்தது. மூளைக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இப்போது வீட்டில் இருக்கிறோம். இன்று 24ஆம் நாள், எடை 2 கிலோ 100. ராத்திரி தூக்கத்தில் ஐந்தாறு விநாடி மூச்சே இல்லாத மாதிரி இருக்கிறான், அப்புறம் வேகவேகமாக மூச்சு விடுகிறான். கணவர் கத்தாரில் வேலை. சாக்ஸ் மாதிரி காலில் மாட்டும் கருவி ஒன்று இருக்கிறதாம், இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் போனிலேயே தெரியுமாம், வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். அத்தை, கதிர்வீச்சு பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். நான் ராத்திரி கண்ணை மூடுவதே இல்லை. என்ன செய்ய?

பதில்:

அன்பு மகளே,

முதலில் அந்த 68ஐப் பேசிவிடுவோம். 24 நாளாக அதை மனதில் வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நுரையீரலில் காற்று கிடையாது. நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜனில்தான் வளர்கிறது. அங்கே அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் நம்மைவிட வெகுவாகக் குறைவு. பிறந்து அழுது, நுரையீரலில் இருக்கும் நீர் விலகிக் காற்று நிறைய நிறையத்தான் அளவு ஏறும். அதற்குப் பத்து நிமிடம் வரை ஆகலாம். பிரசவ அறையில் நாங்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு நிமிடத்தில் 60 முதல் 65, இரண்டு நிமிடத்தில் 65 முதல் 70, மூன்றில் 70 முதல் 75, ஐந்தில் 80 முதல் 85, பத்து நிமிடத்தில் 85 முதல் 95. பெரியவர்களுக்கு 68 என்றால் ஓட வேண்டியதுதான். இரண்டு நிமிடம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு 68 என்றால் அது சரியான எண். நீங்கள் பார்த்தது உங்கள் மகன் இந்த உலகக் காற்றுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அந்த எண்ணை வைத்து மூளையைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு நேரத்திலும் ஒவ்வொரு அர்த்தம் உண்டு. காலில் மாட்டும் கருவியைப் பற்றி நான் சொல்லப்போவதற்கும் இதுதான் அடிப்படை.

மருத்துவமனையில் ஒட்டியிருந்த பட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குறைமாதப் பிள்ளையின் இதயம், மூச்சு, ஆக்சிஜன், உடல் சூடு ஆகியவற்றை விடாமல் பார்க்க, பல வருடமாக நெஞ்சில் மூன்று வயர், காலில் ஒன்று, சூடு பார்க்க ஒன்று என்று ஒட்டிவருகிறோம். இன்றும் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். பிள்ளையோ ஒன்றரைக் கிலோ, தோலோ மிக மெல்லியது. பசை நாடாவை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடுவது உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, தாய் பிள்ளையைத் தூக்க வேண்டுமென்றால் நர்ஸைக் கூப்பிட்டு வயர்களை ஒதுக்கித் தரச் சொல்ல வேண்டும். பல தாய்மார் அந்த வயர்களைப் பார்த்தே கை வைக்கப் பயந்து, தள்ளி நின்றுவிடுவார்கள்.

அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் என்பவரின் குழு இதற்கு ஒரு வழி கண்டு 2019இல் வெளியிட்டது. தோலைப் போலவே வளைந்து கொடுக்கும் இரண்டு மெல்லிய பட்டைகள். நெஞ்சில் ஒட்டுவது இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கும். காலில் சுற்றுவது சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆக்சிஜனைக் கணக்கிடும். இரண்டுமே சூட்டையும் பார்க்கும். இதயம் துடித்த கணத்துக்கும் அந்தத் துடிப்பு காலை வந்து சேரும் கணத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து ரத்த அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்றுகூடப் பார்க்கலாம். எல்லாம் வயரில்லாமல் திரைக்குப் போய்விடும். இந்த வகைக் கருவிகள் இப்போது பல நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. உங்கள் பிள்ளைக்கு ஒட்டியதும் அப்படி ஒன்றாக இருக்கும்.

வயர் போனதால் என்ன லாபம்? பிள்ளை தாயின் நெஞ்சுக்கு வந்தது. பிள்ளையைத் தோலோடு தோல் சேர நெஞ்சில் வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இங்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை அது. இங்குபேட்டருக்குப் பதில் என்று தொடங்கியது, இன்று நல்ல வசதியுள்ள இடத்திலும் முதல் சிகிச்சையாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளிவந்த ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு கால் பங்கு குறைந்தது. பிள்ளை நெஞ்சில் இருக்கும்போதே நர்ஸ் எண்களைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் வயரில்லாக் கருவியின் பெரிய உபகாரம். நான் அதை மனதார வரவேற்கிறேன். நம் மாவட்டத்தில் எல்லாப் பிரசவ வார்டுக்கும் அது வர வேண்டும்.

அத்தை சொன்ன கதிர்வீச்சைப் பற்றி ஒரு வரி. இந்தக் கருவிகள் புளூடூத் போன்ற மிகக் குறைந்த சக்தியுள்ள அலைகளில் பேசுகின்றன. உங்கள் போன் டவரோடு பேசும்போது வெளிவிடுவதில் இது மிகச் சிறு பங்கு. அந்த 11 நாளில் அதனால் கெடுதல் ஒன்றும் ஆகியிருக்காது. போனைப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்காதீர்கள் என்று அத்தை சொன்னால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணவர் வாங்க நினைக்கும் கருவி. வேண்டாம் என்பதுதான் என் பதில். அவர் மனதைப் புண்படுத்தாமல் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வகையில் பெயர்பெற்றது ஆவ்லெட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவி. மருத்துவக் கருவிக்கான அனுமதி இல்லாமல் விற்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பிறகு முறைப்படி சோதித்து 2023 நவம்பரில் அனுமதி பெற்றார்கள். அந்த அனுமதி யாருக்கு என்று பாருங்கள்: ஒரு மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள, ஆரோக்கியமான, குறைந்தது 6 பவுண்ட் எடையுள்ள குழந்தைகளுக்கு. 6 பவுண்ட் என்றால் சுமார் 2 கிலோ 700 கிராம். உங்கள் மகனுக்கு ஒரு மாதமும் ஆகவில்லை, எடையும் அதற்குக் கீழே. அனுமதி பெற்ற கருவிக்கே இந்த நிலை. இணையத்தில் அதே சாயலில் விற்கும் மலிவுக் கருவிகளை எந்த அளவுகோலில் சோதித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. 2018இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் வீட்டுக் கருவிகள் இரண்டை மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டார்கள். ஒன்று, ஆக்சிஜன் உண்மையில் குறைந்தபோது சில நேரம் கண்டுபிடித்தது, சில நேரம் விட்டுவிட்டது. இன்னொன்று ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்கவில்லை. நன்றாக இருந்த பிள்ளைக்கு நாடித்துடிப்பு குறைவு என்றும் காட்டியது.

கால் குளிர்ந்திருந்தால், பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தால், உறை சற்றுத் தளர்ந்திருந்தால் எண் தப்பாக வரும். நம் போன்ற கருத்த தோலில் இந்த ஒளிக்கருவிகள் ஆக்சிஜனை உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். என்ஐசியூவிலும் இப்படித் தப்பான அலாரம் நாள் முழுக்க அடிக்கும். அங்கே பழகிய நர்ஸ் ஒருவர் வந்து, திரையைப் பார்க்கும் முன் பிள்ளையைப் பார்ப்பார். நிறம் நன்றாக இருக்கிறதா, நெஞ்சு அசைகிறதா என்று பார்த்துவிட்டு உறையைச் சரிசெய்து போவார். வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் ஓடி வர நீங்களும் அத்தையும்தான். அதே நேரம் கத்தாரில் அவர் போனும் சிவப்பாகும். அவர் பதறி உங்களைக் கூப்பிடுவார். அதற்குள் ஆடிக்காற்றில் ரப்பர் மரக்கொம்பு லைனில் விழுந்து கரண்ட் போய் வைஃபையும் நின்றுவிட்டால், அவருக்கு எண்ணே வராது. அவர் அந்த ராத்திரியை எப்படிக் கழிப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பயத்தின் அடியில் இருப்பது தூக்கத்திலேயே பிள்ளை போய்விடுமோ என்பதுதான். எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. அந்தத் திடீர் மரணத்தை வீட்டுக் கருவி தடுக்கும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதற்காக இதை வாங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இலும் திரும்பச் சொல்லியிருக்கிறது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வீட்டிலேயே கருவி மாட்டிக் கவனித்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளிலேயே நூற்றுக்கு 40 பேருக்கு மேல், அலாரம் அடிக்கும் அளவுக்கு ஒரு தடவையாவது மூச்சோ துடிப்போ குறைந்தது. அதாவது நல்ல பிள்ளைக்கும் கருவி அடிக்கத்தான் செய்யும்.

அந்த ஆய்வில் உங்களுக்கு உதவும் இன்னொரு தகவல் உண்டு. குறைமாதப் பிள்ளைகளுக்கு இருந்த கூடுதல் ஆபத்து, கர்ப்பத்திலிருந்து கணக்கிட்டு 43 வாரம் ஆகும்போது நிறைமாதப் பிள்ளையின் அளவுக்கு வந்துவிட்டது. உங்கள் மகன் 34 வாரத்தில் பிறந்தான். ஆக, அவனுக்கு ஒன்பது வாரம் ஆகும்வரை கூடுதல் கவனம் வைத்தால் போதும். முடிவு தெரிந்த காலம் இது. அதுவரை நீங்களும் அத்தையும் முறை வைத்துத் தூங்குங்கள். ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் நடுவில் அத்தை பிள்ளை அருகில் இருக்க, நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திப் படுங்கள்.

சில பிள்ளைகளுக்கு வீட்டிலும் கருவி உண்மையிலேயே தேவைப்படும். ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்குப் போகிறவர்கள், நுரையீரல் நோய் மிஞ்சியவர்கள், சில இதயக் கோளாறுகள் உள்ளவர்கள். அவர்களுக்கு மருத்துவரே எழுதிக் கொடுத்து, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்து அனுப்புவார். உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தத் தாளில் இன்னொன்றையும் தேடுங்கள்: வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் பார்த்து எழுதியிருக்கிறார்களா? இரண்டிலுமே 95 அல்லது மேல் இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3க்கு மேல் போகாமல் இருந்தால், பிறவி இதயக் கோளாறுகளில் கடுமையானவை பலவும் இல்லை என்று கொள்ளலாம். எழுதியிருக்கவில்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ராத்திரி மூச்சு விஷயம். ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்தி, அப்புறம் வேகமாகச் சில மூச்சு விட்டு, மறுபடி சீராவது இந்த வயதில் இயல்பு. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் 20 விநாடி நிறுத்தினால், அல்லது அதற்குள்ளேயே உதடு நீலமானால், முகம் வெளுத்தால், உடம்பு துவண்டால் அது வேறு. உடனே உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள், 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். பிள்ளை உடனே தேறிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைக்கு எப்படி மூச்சு ஊதுவது, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அடுத்த முறை நர்ஸிடம் பொம்மையில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அத்தையையும் கூட்டிப் போங்கள்.

கருவியில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். நின்று நின்று மூச்சு விடும் பிள்ளைக்கு அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரிவராது. 60க்குக் கீழே இருந்தால் சரி. 60 அல்லது மேலே வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே என்றால் கொண்டுபோங்கள். மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், முனகினால், மூக்கு விடைத்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

சூடு பார்க்க உங்கள் புறங்கையே போதும். வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் பிள்ளைக்குக் குளிர்கிறது, நெஞ்சோடு சேருங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால் நெஞ்சோடு கட்டிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் மட்டும் வாங்கி அக்குளில் வைத்துப் பாருங்கள், 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது. சாரல் நாளில் உருக்கெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுகிறேன் என்று யாராவது வந்தால், இரண்டரைக் கிலோ ஆகட்டும் என்று சொல்லுங்கள். அதுவரை இதமான வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

பால் குடிப்பதுதான் எல்லாவற்றையும்விட முந்திச் சொல்லும் அறிகுறி. நேற்றுவரை பாலாடையில் ஊற்றியதை எல்லாம் குடித்த பிள்ளை இன்று வாயில் வைத்ததை விழுங்காமல் கிடந்தால், எழுப்பியும் எழவில்லை என்றால், எந்த எண் எப்படி இருந்தாலும் அது அவசரம். வலிப்பு, கை கால் அசைவே இல்லாமை, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், காய்ச்சல், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு இவையும் அப்படியே. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த நேரமும் பார்ப்பார்கள்.

படுக்க வைப்பது மல்லாக்க. தலையணை வேண்டாம், தலையைச் சுற்றித் துணிக்குவியல் வேண்டாம். சேலைத் தொட்டிலை இன்னும் சில மாதம் தள்ளிப்போடுங்கள். இந்த எடையுள்ள பிள்ளை அதில் சுருண்டு, தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுவழி மடங்கக்கூடும். இதை அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பீடி சிகரெட் பிடிப்பவர் யாரும் பிள்ளை இருக்கும் அறைக்குள் வரக்கூடாது.

உங்கள் கணவருக்கும் இதில் பங்கு வேண்டும். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு கையால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்பில்தான் அவர் கருவி தேடுகிறார். தினமும் அவர் வேலை முடிந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடச் சொல்லுங்கள். பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சட்டையை விலக்கிக் காட்டி, ஒரு நிமிட மூச்சை அவரை எண்ணச் சொல்லுங்கள், நீங்கள் கடிகாரம் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்ததையும் அவரே குறித்து வைக்கட்டும். தினம் 20, 30 கிராம் ஏறினால் மகன் நன்றாக வளர்கிறான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தக் கடிதத்தில் அவசரமானது அதுதான். உங்கள் மகன் பிறந்தபோது எடை 2 கிலோவுக்குக் கீழே. அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கும், 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் கண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கோணலாக வளரும் நோய் வரலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிள்ளை அழாது, எந்தக் கருவியும் காட்டாது. பிறந்து 30 நாளுக்குள் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். தேவைப்பட்டால் லேசர் செய்து பார்வையைக் காப்பாற்றலாம். நாள் கடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். இன்று 24ஆம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனைக்குத் தேதி போட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால், பிள்ளை இருந்த என்ஐசியூவுக்கே நாளைக் காலையில் போன் செய்து, இந்த வாரத்துக்குள் எங்கே வர வேண்டும் என்று கேட்டுப் போய்விடுங்கள். கருவிக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தை வண்டிக்கும் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். போகும் வழியெல்லாம் பிள்ளை உங்கள் நெஞ்சோடு இருக்கட்டும். காது கேட்கும் பரிசோதனையும் செய்யவில்லையென்றால் அதையும் அன்றே முடித்துவிட்டு வாருங்கள்.